கல்பாத்தியில் படம் எடுக்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் வீடு புதுக் கல்பாத்தியில், தெருவைப் பார்த்த திண்ணையோடு இருக்கிறது. காலையில் பேப்பரோடு திண்ணையில் உட்கார்ந்தால் கழுத்தில் கேமராவோடு யாராவது வந்து நின்று, "சார், இங்க எங்க நல்ல படம் கிடைக்கும்?" என்று கேட்பார்கள். கோயம்புத்தூர், பொள்ளாச்சி, திருச்சி, சென்னை என்று பல ஊர்களிலிருந்து வருகிறார்கள். ஊர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. நானும் பல வருடமாக இதே தெருவிலும் ஆற்றங்கரையிலும் படம் எடுத்துக்கொண்டிருப்பவன் என்பதால், அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கல்பாத்தி எங்க இருக்கு? அங்க அப்படி என்ன விசேஷம்?

பாலக்காட்டு நகரத்தை ஒட்டி, கல்பாத்திப் புழை என்ற ஆற்றின் தென்கரையில் இருக்கும் தமிழ் அக்ரஹாரம் இது. இங்கே எங்கள் ஆட்கள் அக்ரஹாரம் என்று சொல்வதைவிட 'கிராமம்' என்றுதான் சொல்வார்கள். பழைய கல்பாத்தி, புதுக் கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் என்று ஒன்றையொன்று ஒட்டிய தெருக்கள். ஓட்டுக் கூரை, பொதுச் சுவர், திண்ணை, ரேழி, முற்றம் என்று வரிசையாக நிற்கும் வீடுகள். கேரள அரசு இதைப் பாரம்பரிய கிராமம் என்று அறிவித்திருக்கிறது.

ஆற்றங்கரையில் விசாலாட்சி சமேத விசுவநாதர் கோவில் இருக்கிறது. லட்சுமி அம்மாள் என்ற விதவை காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்து, பாலக்காட்டு ராஜா இட்டிக்கோம்பி அச்சனிடம் 1,320 பொன் கொடுத்துக் கோவில் எழுப்பச் சொன்னார் என்பது எங்கள் ஊர்க் கதை. காலம் 1425. கங்கைக்கரைபோல ஆற்றை நோக்கி இறங்கும் படிகள் இருப்பதால் 'காசியில் பாதி கல்பாத்தி' என்பார்கள். படம் எடுக்க வருகிறவருக்கு இந்தக் கதை வெறும் தகவல் இல்லை. தெருவும் கோவிலும் ஆறும் ஒரே மூச்சில் சேர்ந்திருப்பதற்குக் காரணமே இதுதான்.

எப்படி வர்றது? மலையாளம் தெரியாதே, பரவாயில்லையா?

கோயம்புத்தூரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். வாளையார் தாண்டினால் கேரளம். ரயிலில் வந்தால் பாலக்காடு ஜங்ஷனில் இறங்குங்கள். அது இருப்பது ஒலவக்கோட்டில். அங்கிருந்து ஆட்டோவில் சுமார் 3 கிலோமீட்டர்.

தமிழ் போதும். ஆனால் இது பாலக்காட்டுத் தமிழ், நடுவில் மலையாளம் வந்து வந்து போகும். பெரியவர்களை மாமா, மாமி, பாட்டி என்று கூப்பிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். 'ஆண்ட்டி' என்றால் முகம் கொஞ்சம் சுருங்கும்.

முதல்ல எந்த இடத்துல நின்னு எடுக்கணும்?

கோவிலுக்கு இறங்கும் இடத்தில். விசுவநாதர் கோவில் தெரு மட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கிறது. அதனால் 'குண்டுக்குள் கோவில்' என்றே பெயர். பொதுவாகக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து எடுப்போம். இங்கே மேலே நின்று கோவிலைக் கீழே பார்க்கலாம், கூரையின் மடிப்புகள், அதற்கு அப்பால் மரங்கள், ஆறு எல்லாம் ஒரே சட்டத்தில் அடங்கும். இப்படி ஒரு கோணம் அக்கம்பக்கத்தில் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்தது படித்துறை. நாம் தென்கரையில் நிற்கிறோம், ஆறு நமக்கு வடக்கே. மழைக்கு மறுநாள் காலை காற்று கழுவிவிட்டாற்போல இருக்கும்போது மலம்புழா பக்கத்து மலைகள் பின்னணியில் நிற்கும். மூன்றாவது, தெருவின் நட்ட நடு. இரண்டு பக்கமும் வீடுகள் ஓடிப்போய் ஒரு புள்ளியில் சேரும். நான்காவதாகத் தேர்முட்டி. திருவிழா இல்லாத நாட்களில் தேர்கள் மூடிக் கிடக்கும், ஆனாலும் அந்தச் சக்கரங்களின் பக்கத்தில் ஒரு குழந்தை சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனால் போதும், அளவு தெரிந்துவிடும்.

எந்த மாசம் வந்தா நல்ல வெளிச்சம்?

எல்லாரும் இடத்தைத்தான் கேட்கிறார்கள். நான் மாதத்தையும் மணியையும் கேட்கச் சொல்வேன். இங்கே தெருக்கள் ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுகின்றன. ஆகவே வீடுகளுக்கு வடக்குச் சிறகு, தெற்குச் சிறகு என்று இரண்டு வரிசை. வடக்குச் சிறகு வீடுகளின் முகம் தெற்கே, தெற்குச் சிறகின் முகம் வடக்கே. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10.8 பாகையில் இருப்பதால் சூரியன் வருடத்தில் இரண்டு முறை நேர் உச்சிக்கு வரும்: ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும். இடைப்பட்ட நான்கு மாதமும் உச்சிவெயில் வடக்கிலிருந்து விழும், அப்போது தெற்குச் சிறகின் திண்ணைகளுக்கு வெளிச்சம். மீதி எட்டு மாதமும் வடக்குச் சிறகுக்கு. ஒரு வீட்டைப் படம் பார்த்து ஆசைப்பட்டு வந்து, அது நிழலில் கிடக்கிறதே என்று வருத்தப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு வந்தால் ஏமாற மாட்டார்கள்.

மார்ச் 21, செப்டம்பர் 23ஐ ஒட்டிய சில நாட்களில் சூரியன் நேர் கிழக்கில் உதிக்கும். அப்போது காலை ஏழு மணிக்குள் தெருவின் நடுவில் மேற்குப் பக்கமாக நின்று கிழக்கே பாருங்கள். வாசல் தெளித்த ஈரத்தில் தெரு முழுக்க ஒளி வழியும். வருடம் முழுக்க நான் காத்திருப்பது அந்த ஒரு வாரத்துக்குத்தான்.

டிசம்பர், ஜனவரியில் உதயம் ஆறரை மணிக்கு மேல். கோலத்துக்கு மார்கழிதான் சிறந்த காலம். ஆனால் அப்போது பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து திருவாதிரைக் காற்று அடிக்கும். முக்காலி ஆடும், பொடிக்கோலம் பறந்துபோகும். அரிசியை அரைத்துப் போட்ட இழைக்கோலம் நிற்கும் வாசலைத் தேடுங்கள். கோலம் போட்டு அரைமணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், அப்புறம் ஸ்கூட்டர் ஏறிவிடும். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும், ஒன்பது மணிக்குப் பிறகு வெளியே வராதீர்கள்.

ஆத்துல தண்ணியே இல்லை, பாறைதான் தெரியுதுன்னு நண்பர் சொன்னார். அப்போ ஆத்துப் படம் கிடைக்காதா?

அவர் கோடையில் வந்திருப்பார். பிப்ரவரியிலிருந்து மே வரை புழை மெலிந்து, பாறையும் நாணலும் ஆங்காங்கே தேங்கின நீருமாக இருக்கும். எனக்கு அந்த ஆறும் பிடிக்கும். தேங்கிய நீரில் வானம் தெரியும், கொக்கு நிற்கும், மேலே சொன்ன படித்துறையின் கடைசிப் படிகளும் வெளியே வரும்.

நிறைந்த ஆறு வேண்டுமென்றால் ஜூனிலிருந்து நவம்பர் வரை வாருங்கள். இந்தப் புழையில் மலம்புழாவும் வாளையாறும் கோரையாறும் வந்து சேர்கின்றன. பறளியில் கண்ணாடிப் புழையோடு கலந்து இதுவே பாரதப்புழை ஆகிறது. இங்கே மழை இல்லாவிட்டாலும் மலம்புழா அணையில் மதகு திறந்தால் நீர் ஏறும். 2018 ஆகஸ்டில் அது எப்படி ஏறியது என்று பார்த்தவர்கள் நாங்கள். அணை திறக்கும் அறிவிப்பு வந்த நாளில் படியில் இறங்க வேண்டாம். பாலத்தின் மேலிருந்தே நல்ல படம் கிடைக்கும். மழைக்காலத்தில் கீழ்ப்படிகளில் பாசி பிடித்திருக்கும், வெறுங்காலோ பிடிப்புள்ள செருப்போ நல்லது. வழவழப்பான ஷூவோடு இறங்கிக் கேமராவை ஆற்றுக்குக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மொபைல் போதுமா, கேமரா கொண்டு வரணுமா?

தெருவுக்கு மொபைல் போதும். சொல்லப்போனால் சின்னதாக இருப்பதால் யாரும் மிரள மாட்டார்கள். கேமரா என்றால் 35 மி.மீ. அளவில் ஒரு லென்ஸ் போதும். அகலமான லென்ஸ் வீட்டுத் தூண்களைச் சாய்த்துவிடும். தேருக்கு மட்டும் கொஞ்சம் நீள லென்ஸ் கொண்டு வாருங்கள், காரணம் தேர் பற்றிய பதிலில் இருக்கிறது.

எங்க பார்த்தாலும் கரண்ட் கம்பி, பைக், ஸ்கூட்டர். பழைய அக்ரஹாரமா எப்படிக் காட்டுறது?

தாழ உட்காருங்கள். திண்ணை உயரத்துக்கும் கீழே, கோலத்தின் மட்டத்துக்குக் கேமரா வந்தால் கோலமும் படியும் தூணும் சட்டத்தை நிறைத்துவிடும், கம்பி மேலே போய்விடும். அல்லது வெட்டி எடுங்கள்: ஒரு கதவு, பித்தளைக் குமிழ், ஜன்னல் கம்பியில் தொங்கும் மாவிலை. திறந்த கதவின் நேரே நின்றால் ரேழி, முற்றம், கொல்லை என்று இருட்டும் வெளிச்சமும் மாறி மாறிக் கடைசிவரை தெரியும். நீளமான வீடுகளில் அது அற்புதமான காட்சி. ஆனால் அது ஒருவருடைய வீட்டின் உள்பக்கம், கேட்காமல் எடுக்கக் கூடாது.

இன்னொன்றையும் மனசிலிருந்து சொல்கிறேன். பைக்கை அழித்து, கம்பியை அழித்து, நூறு வருடத்துக்கு முந்தைய தெருபோலக் காட்ட ஏன் இவ்வளவு பாடு? இங்கே மனிதர்கள் இப்போது வாழ்கிறார்கள். திண்ணையில் ஒரு பக்கம் ஹெல்மெட், மறுபக்கம் வெயிலில் காயும் வடாம். அந்தப் படம்தான் இன்றைய கல்பாத்தி. இருபது வருடம் கழித்து அதற்குத்தான் மதிப்பு இருக்கும். இடிந்து புதிதாகக் கட்டின வீடுகளும் வரிசையில் உண்டு. அவற்றையும் எடுத்து வையுங்கள், யாராவது எடுத்துத்தானே வைக்க வேண்டும்.

கோவிலுக்குள்ள எடுக்கலாமா?

சன்னதியையும் மூலவரையும் எடுக்கக் கூடாது. வெளிப்பிராகாரத்தில் எடுக்கலாமா என்பதை அன்றைக்கு அங்கே இருக்கிற கோவில்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்கள் வேட்டியோடு வந்தால் எந்தச் சங்கடமும் இல்லை. உள்ளே முதலில் கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டு ஒரு முறை சாமி கும்பிட்டு வாருங்கள். அப்புறம் கேட்டால் பதிலே வேறு மாதிரி வரும்.

திண்ணையில உக்காந்திருக்கிற பாட்டியை எடுக்கலாமா? கேட்டா போஸ் கொடுத்துடறாங்களே, இயல்பா வரமாட்டேங்குதே?

கேட்டுத்தான் எடுக்க வேண்டும். தெரு பொதுவானது, திண்ணை வீட்டைச் சேர்ந்தது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மத்தியானம் என் பாட்டி திண்ணையில் தூணில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள். யாரோ எடுத்திருக்கிறார்கள், நாங்கள் யாரும் பார்க்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்தப் படம் உறவுக்காரர் ஒருவரின் வாட்ஸாப்பில் வந்தது. கீழே 'அழிந்துவரும் தலைமுறை' என்று எழுதியிருந்தது. பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "நான் தூங்கிண்டுதானே இருந்தேன்?" என்றாள். அதற்கப்புறம் மத்தியானத்தில் திண்ணைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். படம் நல்ல படம்தான், வெளிச்சம் அருமை. ஆனால் அந்தத் திண்ணையிலிருந்து ஒரு மனுஷியை எழுப்பி உள்ளே அனுப்பிவிட்டது.

இயல்பாக வர வேண்டும் என்றால் நேரம் கொடுங்கள். உட்கார்ந்து பேசுங்கள். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று அவர்களே கேட்பார்கள், பதில் சொல்லுங்கள். முதல் இரண்டு படத்துக்கு நிமிர்ந்து உட்கார்வார்கள், அதையும் எடுத்துக் காட்டுங்கள். பத்து நிமிடத்தில் அவர்கள் பாட்டுக்குக் காய் நறுக்க ஆரம்பித்துவிடுவார்கள். நீங்கள் தேடி வந்த படம் அப்போதுதான் கிடைக்கும்.

படித்துறையில தர்ப்பணம், சடங்கு எல்லாம் நடக்குமே. தூரத்துல இருந்து ஜூம் பண்ணி எடுத்தா தப்பா?

தப்புதான். அமாவாசையன்று இறந்த அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறவர் முகத்தில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தூரத்திலிருந்து எடுத்தால் அவருக்குத் தெரியாது என்பதுதான் வித்தியாசம், அனுமதி கிடைத்ததாக ஆகாது. குளிக்கிறவர்களையும் எடுக்கக் கூடாது. ஆள் இல்லாத படிகள், ஈரத்தில் பதிந்த கால் தடம், தண்ணீரில் மிதந்து போகும் தர்ப்பைப் புல் என்று எடுக்க எத்தனையோ இருக்கிறது. அமாவாசை தவிர்த்த நாட்களில், வெயில் ஏறுவதற்கு முன் வந்தால் படித்துறை பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

தேர் எப்போ? எங்க நின்னா நல்லா கிடைக்கும்?

ஐப்பசிக் கடைசியில். மலையாளக் கணக்கில் துலாம் 28, 29, 30, அதாவது நவம்பர் நடுவில் மூன்று நாள். அதற்கு முன்பே கொடி ஏறி, கச்சேரிகள் நடக்கும். மாயவரம் மயூரநாதர் கோவில் திருவிழா முறையைப் பின்பற்றி நடப்பது என்பார்கள். முதல் நாள் விசுவநாதர் கோவிலின் மூன்று தேர்கள், இரண்டாம் நாள் புதுக் கல்பாத்தி மந்தக்கரை மகாகணபதி தேர் சேரும், மூன்றாம் நாள் பழைய கல்பாத்தி லட்சுமிநாராயணப் பெருமாளும் சாத்தபுரம் பிரசன்ன மகாகணபதியும். அன்று மாலை எல்லாத் தேர்களும் தேர்முட்டியில் ஒன்றையொன்று பார்த்து நிற்பதுதான் தேவரத சங்கமம்.

சங்கமத்துக்குத் தேர்முட்டிக்குள் இடம் பிடிக்க முடியாது, முயலவும் வேண்டாம். பக்கத்து வீட்டு மாடியில் இடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்று மத்தியானம் போய்க் கேட்டால் கிடைக்காது. இரண்டு நாள் முன்பே வந்து பேசிவிட வேண்டும். நவம்பர் நடுவில் ஆறு மணிக்குள் சூரியன் இறங்கிவிடும். சங்கமத்தின் நேரத்தில் வானத்தில் கொஞ்சம் நீலமும் தேரில் விளக்கும் சேர்ந்திருக்கும், அது இருபது நிமிடம்தான். ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றி, பிளாஷை அணைத்து வையுங்கள்.

பகலில் தேர் ஓடுவதை எடுக்கிறவர்களுக்கு: தேர் சீராக ஓடாது. வடம் இழுபடும், நிற்கும், மறுபடி ஒரு குலுக்கலோடு கிளம்பும். பின்னாலிருந்து யானை முட்டித் தள்ளும் வழக்கமும் இங்கே உண்டு. கிளம்பும் அந்தக் கணத்துக்கு ஷட்டர் வேகத்தை 1/500 வையுங்கள், இழுக்கிறவர்களின் கழுத்து நரம்பு தெரியும். சக்கரம் சுழல்வது தெரிய வேண்டுமானால் 1/30. ஆனால் சக்கரத்தின் பக்கத்தில் போகவே கூடாது. முட்டுக்கட்டை போடுகிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்கிற இடம் அது. தேர் திரும்பும்போது எந்தப் பக்கம் சாய்ந்து வரும் என்று அவர்களுக்கே கடைசி நொடியில்தான் தெரியும். நீள லென்ஸ் கொண்டு வரச் சொன்னது இதனால்தான்.

டிரோன் பறக்கவிடலாமா?

2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள்படி அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 2 கிலோவுக்கு மேற்பட்ட டிரோனை ஓட்டவும், தொழிலுக்காக என்றால் 250 கிராமுக்கு மேற்பட்டதை ஓட்டவும் ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். விதி அனுமதித்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் வீடுகள் இவை. மேலேயிருந்து பார்த்தால் வீட்டின் நடு அப்படியே தெரியும். தேர் நாட்களில் கூட்டமும் யானையும் இருக்கும்போது யோசிக்கவே வேண்டாம், அந்தச் சத்தத்துக்கு யானை மிரண்டால் ஒதுங்க அந்தத் தெருவில் இடமில்லை. உயரக் கோணம் வேண்டுமென்றால் முன்பே சொன்ன கோவில் இறக்கமும் மாடிகளும் போதும்.

கல்யாணத்துக்கு முன்னாடி எடுக்கிற போட்டோ ஷூட்டுக்கு வரலாமா?

வரலாம், காலை ஏழு மணிக்குள் முடிந்தால் நல்லது. யாருடைய வாசல் என்று பார்த்து அனுமதி வாங்குங்கள், உடை மாற்ற ஒரு இடத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். புகைக்குண்டு, கலர்ப் பொடி, ஸ்பீக்கர் எதுவும் வேண்டாம். கோலத்தை மிதித்து நடந்து வரும் காட்சியும் வேண்டாமே. அதை ஒருத்தி விடியற்காலையில் குனிந்து போட்டிருக்கிறாள்.

பாதி நாள்ல முடிஞ்சிடுமா? பக்கத்துல வேற என்ன எடுக்கலாம்?

பாதி நாளில் முடிப்பவர்கள் உண்டு. காலையும் மாலையும் இரண்டுமே கல்பாத்திக்குக் கொடுத்து, நடுப்பகலை மற்ற இடங்களுக்கு வைப்பது என் யோசனை. ஹைதர் அலி 1766ல் கட்டிய பாலக்காட்டுக் கோட்டையில் கருங்கல் சுவரும் அகழியும் நடுப்பகல் வெயிலையும் தாங்கும். ஜைனமேட்டில் அலங்காரம் குறைந்த கருங்கல் ஜைனக் கோவில், சின்னது, அமைதியானது. மலம்புழா அணைப் பூங்காவில் கானாயி குஞ்ஞிராமன் 1969ல் செய்த யட்சி சிலை. அன்றைக்கு மேகம் இருந்தால் கொல்லங்கோடு பக்கம் போங்கள், வயலுக்குப் பின்னால் மலை சுவர்போல நிற்கும்.

சாப்பாட்டைப் பற்றியும் கேட்பார்கள். கிராமத்துக்குள் சைவம்தான். வீடுகளில் வடாம், அப்பளம், ஊறுகாய் விற்பார்கள். வெயில் நாட்களில் வடாம் காயும் முற்றத்தை எடுக்க, வாங்கப் போவது நல்ல வழி.

எடுத்த படத்தை விக்கலாமா? போட்டிக்கு அனுப்பலாமா?

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி நீங்கள் உங்களுக்காக எடுத்த படத்துக்கு நீங்கள்தான் உரிமையாளர், உங்கள் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பிறகு 60 வருடமும் அந்த உரிமை நிற்கும். தெருவையும் தேரையும் எடுத்ததில் சிக்கல் வராது. ஒருவர் முகம் தெளிவாகத் தெரியும் படத்தை விளம்பரத்துக்கோ விற்பனைக்கோ கொடுப்பதானால் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். திண்ணையில் வாங்கின சம்மதம் படம் எடுப்பதற்கு மட்டும்தான், காலண்டரில் போடுவதற்கு இல்லை.

படத்தை அவங்களுக்கும் கொடுக்கணும்னு நினைக்கிறேன். எப்படி அனுப்புறது?

மொபைலில் அனுப்பினால் பேரன் போனில் தங்கிவிடும். காகிதத்தில் அச்சிட்டு அனுப்புங்கள். கிளம்பும்போது கதவெண்ணையும் தெருப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், பழைய கல்பாத்தியா புதுக் கல்பாத்தியா என்பதை மறக்காமல் எழுதுங்கள், ஒரே எண் இரண்டிலும் இருக்கலாம். உறையில் ஒரு அட்டையும் வைத்தால் படம் மடங்காது. தேர் சமயத்தில் எடுத்ததென்றால் மார்கழிக்குள் அனுப்பிவிடுங்கள். வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள் திரும்பிப் போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கும் சமயம் அது.